நாலு பாட்டும் வேறொரு குரலும்

இராஜபாளையம்
18.8.2024

தம்பி முத்துவீரனுக்கு,

அக்கா மாரீஸ்வரி எழுதுதேன். நானும் பாப்பாவும் இங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருப்பே, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.

உன் நம்பரை என் ஃபோன்ல தடுத்து வச்சிருக்கேன். நீ பேச ஆரம்பிச்சா நான் எளகிருவேன், அதனாலதான் பேப்பர்ல எழுதுதேன். பதிலும் பேப்பர்லதான் வரணும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அனுப்பாதே. அங்க வாற தபாலை உன் மச்சான் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் என் கையில குடுப்பாவ. நான் வேலை பாக்குற பேண்டேஜ் கம்பெனி விலாசத்துக்கு, செக்கிங் செக்‌ஷன்னு போட்டு அனுப்பு.

நேத்து உன் ஆல்பம் வெளியாச்சு. அதுல நாலு பாட்டு நான் எழுதுனது. பாப்பாவுக்கு லீவு விட்டதும் மே மாசம் சென்னைக்கு வந்து, மூணு நாளு அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு பாடுனதும் நான். கம்பெனியில ஒருத்தி பாக்கியில்லாம எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பதினாலு பேரு சுத்தி உக்காந்தாளுக. ஃபோனைத் தூக்குச்சட்டி மேல சாத்தி வச்சுப் போட்டேன். உன் கிட்டார் வந்துச்சு. அந்த ஆள் ஒசர பாஸ் வாத்தியம் வந்துச்சு. பொறவு ஒரு குரல் வந்துச்சு. அது என் குரல் இல்ல.

பக்கத்து மேசை அங்காளம்மாதான் மொதல்ல கேட்டா. "ஏட்டி, ஜலதோசம் புடிச்சிருந்துச்சா? உன் குரலு மாதிரி இல்லையே."

நாலு பாட்டும் அப்படித்தான். ஆனா பாடுனது பூராவும் நான் பாடுன மாதிரியே. "மேக்கே இடி இடிக்கி, முத்தத்துல துணி கெடக்கு"ங்கிற எடத்துல நான் 'துணி'யைத் தாளத்துக்குச் செத்த பொறத்தால விட்டுப் புடிப்பேன்ல? "அக்கா, இதை யாரும் சொல்லிக் குடுத்து வராது"ன்னு நீதானே சொன்னே? அதையும் அவ அப்படியே செஞ்சிருக்கா. நான் மூச்சு எடுக்கிற எடத்துல அவளும் எடுக்கா.

என் குரலை யாரு எடுத்தா? எதுக்கு எடுத்தா? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல? மூணுக்கும் பதில் எழுது.

இப்படிக்கு,
மாரீஸ்வரி

சென்னை
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முத்துவீரன் வணக்கத்தோட எழுதுறேன். நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? மச்சான் எப்படி இருக்காங்க? டூட்டி எல்லாம் ஒழுங்காப் போகுதா?

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. நாலு தடவை எழுத உக்காந்து கிழிச்சுப் போட்டேன். இது ஆல்பம் கம்பெனி எடுத்த முடிவு அக்கா. இதுக்கு முன்னால நான் போட்ட ரெண்டு ஆல்பமும் வெறும் கிட்டார். பாட்டு வச்சு நான் செய்யுற முதல் ஆல்பம் இதுதான். ஜாஸ் கேக்குறவங்க நம்ம பக்கம் எத்தனை பேர் இருக்காங்க? தெரிஞ்ச குரல் இருந்தாத்தான் நாலு பேர் காதுக்குப் போகும்னு சொன்னாங்க. இப்பப் பாடியிருக்கிற மாதுரி நல்ல பாடகி. நீ பாடினதைக் கேட்டுட்டு, "இவங்களே பாடியிருக்கலாமே"ன்னு அவங்களே கேட்டாங்க.

பாடல் வரிகள் மாரீஸ்வரின்னு அட்டையில இருக்கு. பாத்தியா?

மச்சான் ஆல்பத்தைக் கேட்டாங்களா? ஏதாவது சொன்னாங்களா? உடம்பைப் பாத்துக்கோ.

உன் தம்பி,
முத்துவீரன்

இராஜபாளையம்
9.9.2024

முத்துவீரனுக்கு,

எல்லாரும் சுகம். அட்டையில என் பேரைப் பாத்தேன். எறும்பு சைஸுல இருக்கு.

தெரிஞ்ச குரலுதான் வேணும்னா மே மாசம் எதுக்குடா என்னைக் கூப்புட்டே? "உன் குரல் இல்லாம இந்த ஆல்பம் இல்லக்கா"ன்னு சொன்னது யாரு? வேற ஒருத்தி கேட்டுப் பழகிப் பாடுறதுக்கு மாதிரி பாடி வைக்கிறவுக உண்டு, அது ஒரு வேலை, தெரியும். நீ அந்த வேலைக்குக் கூப்புட்டிருந்தா யோசிச்சு வாரேன், வரலைன்னு சொல்லியிருப்பேன். என்னைப் பாடகின்னு கூட்டிட்டுப் போயி அளவுச் சட்டை ஆக்கிட்டே.

எனக்கு ஏழு வயசா இருக்கையில நீ பொறந்ததுல இருந்து உன்னைத் தெரியும். பொய் சொல்லுறப்போ நீ சம்பந்தமில்லாம ரெண்டு கேள்வி கேப்பே. இந்தக் கடுதாசியிலயும் கேட்டிருக்கே. அட்டையில ஆல்பம் கம்பெனி விலாசம் இருக்கு. நேரா அவுககிட்டயே கேட்டு எழுதப் போறேன்.

இப்படிக்கு,
மாரீஸ்வரி

சென்னை
14.9.2024

அக்கா,

சுகம்னு நினைக்கிறேன். கம்பெனிக்கு எழுதாதே. உன் கால்ல விழுந்து கேக்குறேன். தீபாவளிக்கு நான் ஊருக்கு வாரேன், நேர்ல எல்லாம் சொல்றேன். அதுவரைக்கும் பொறு.

முத்துவீரன்

சென்னை
3.10.2024

மதிப்பிற்குரிய மாரீஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் வெளியூரில் இருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

தங்கள் குரலை நாங்கள் விலக்கவில்லை. பெயர் பெற்ற ஒருவர் பாடினால் நல்லது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது உண்மை. ஆனால் தங்கள் பதிவுகளைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சை நானே நிறுத்தினேன். ஜூன் மாதம் தங்கள் தம்பி எங்களிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். குடும்பக் காரணங்களால் தங்கள் குரலைப் பயன்படுத்த வேண்டாம் என்று தாங்களே எழுதிக் கையொப்பமிட்டிருந்தீர்கள். அதன் பிறகே மாதுரி அவர்களை அழைத்தோம். நகலை இணைத்துள்ளேன்.

தாங்கள் இப்போது கேட்டிருக்கும் கேள்விகளைப் படித்ததும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்தக் கடிதம் தாங்கள் எழுதியதுதானா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

அன்புடன்,
அனுக்ரஹா
ஆல்பம் தயாரிப்பு

இராஜபாளையம்
7.10.2024

முத்துவீரா,

சுகம் விசாரிக்க மனசு வரல.

கடுதாசி நகல் வந்துருச்சு. "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள வே. மாரீஸ்வரி." நான் என்னைக்குடா உண்மையுள்ளன்னு எழுதுனேன்? 'மேற்படி பாடல்கள்'னு மூணு எடத்துல இருக்கு. வீட்டுல பால்காரனுக்குச் சீட்டு எழுதி வச்சாக்கூட மேற்படி பால்னு எழுதுற ஆளு உன் மச்சான் ஒருத்தர்தான். ரகரத்துக்குக் காலை நீட்டிக் கீழ் வரியில இடிக்க விடுறதும் அவியதான். பதிமூணு வருசமா அந்தக் கையெழுத்தைப் பாக்கேன்.

அவிய எழுதுனது இருக்கட்டும், அதை நான் பாத்துக்கிடுதேன். உங்கிட்ட ஒண்ணு கேக்கேன். உன் ஸ்கூலு லீவு லெட்டர் அம்புட்டும் அய்யா கையெழுத்தைப் போட்டு நான் எழுதுனது. என் எழுத்து உனக்குத் தெரியாதா? அது நான் எழுதலைன்னு பாத்த ஒடனே உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் கொண்டுபோயி நீட்டுனியா?

தெரிஞ்சுதான் குடுத்தேன்னா ஆமான்னு எழுது. தெரியாதுன்னா இல்லைன்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாதே.

மாரீஸ்வரி

இராஜபாளையம்
4.11.2024

முத்துவீரனுக்கு,

ஒரு மாசமாச்சு. உங்கிட்ட இருந்து ஆமாவும் வரல, இல்லையும் வரல. தீபாவளிக்கு வாரேன்னு சொன்ன ஆளும் வரல. பாப்பா நீ வருவேன்னு வெடியைப் பிரிக்காம வச்சிருந்து, மறுநாள் பக்கத்து வீட்டுப் புள்ளைகளோட போயி வெடிச்சா.

இங்க நடந்ததைச் சொல்லுதேன். உனக்காகச் சொல்லல. வேற யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது, அதான்.

தீபாவளி முடிஞ்ச மறுநாள் காலையில உன் மச்சான் டூட்டிக்குக் கெளம்பிட்டு இருந்தாவ. தேச்சு வச்ச காக்கிச் சட்டை மேல அந்த நகலை விரிச்சு வச்சேன்.

"இது யாரு எழுதுனது?"

பாத்தாவ. ஷூவுக்குப் பாலிஷ் போடுறதை நிறுத்தல. "நாந்தான். இப்ப என்ன அதுக்கு?"

"என் பேரை எதுக்குப் போட்டிய?"

"என் பேரைப் போட்டா கம்பெனிக்காரன் கேப்பானா?"

"என்னைப் பாட வேண்டாம்னு எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? சென்னைக்கு பஸ் ஏத்திவிட்டதே நீங்கதானே?"

"பாடிட்டு வான்னுதான் சொன்னேன். என்ன பாடுவேன்னு நீ சொன்னியா? 'கதவு ஒருக்களிச்சு இருக்கு, வந்தாத் தள்ளிக்கிட்டு வா'ன்னு ஏட்டு பொண்டாட்டி பாடுதா. ஸ்டேஷன்ல நாலு பயலுக அதைப் போட்டுக் கேட்டுட்டு, எந்தக் கதவு ஏட்டையான்னு கேப்பானுக. நான் மூஞ்சிய எங்கிட்டு வைக்க?"

அந்தப் பாட்டு யாருக்கு எழுதுனதுன்னு உனக்கும் தெரியாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆடிப்பூரத் தேருக்கு பந்தோபஸ்து போன மனுசன் ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. கூட்டத்துல தள்ளுமுள்ளுன்னு காதுல விழுந்துச்சு, ஃபோனும் எடுக்கல. ஆக்குன சோத்துல தண்ணிய ஊத்தி வச்சுட்டு, கதவைச் சாத்தாம அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து எழுதுன பாட்டு. அதைச் சொல்லிருவோம்னு வாயெடுத்தேன். பொறவு சொல்லல. சொன்னா அவியளுக்குச் சந்தோசமாப் போயிரும், கடுதாசி எழுதுனது ஒண்ணுமில்லாமப் போயிரும். நீயும் சொல்லிராதே.

"ஊர்ல எத்தனை பேருகிட்ட வாக்குமூலம் எழுதி வாங்குதிய. இன்னைக்கு உங்க பேர்ல நீங்க எழுதுங்க. அந்தக் கடுதாசி என் பொண்டாட்டி எழுதுனது இல்ல, நான் எழுதுனதுன்னு எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்க"ன்னு சொன்னேன்.

"போடி வேலையப் பாத்துக்கிட்டு."

"எழுதலைன்னா இந்த நகலை உங்க இன்ஸ்பெக்டர் மேசையில கொண்டுபோயி வைப்பேன். அடுத்தவ கையெழுத்தைப் போட்டா என்ன செக்‌ஷன்னு அவரு சொல்லட்டும்."

அப்பத்தான் பாலிஷ் போடுறது நின்னுச்சு. என்னை ஒரு பார்வை பாத்தாவ. கை ஓங்கல, அதையும் சொல்லிருதேன். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாவ.

இன்னையோட மூணு நாள். எழுதவும் இல்ல, பேசவும் இல்ல. எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும் ஆக்குதேன்.

மாரீஸ்வரி

சென்னை
12.11.2024

அக்காவுக்கு,

எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்க எனக்கு அருகதை இல்லை.

ஆமா. தெரிஞ்சுதான் குடுத்தேன்.

வேற ஒண்ணும் எழுதாதேன்னு சொன்னே. இந்த ஒரு தடவை எழுதிக்கிறேன். ஜூன்ல மச்சான் ஃபோன் பண்ணாங்க. "உன் அக்கா குரல் வெளிய வந்தா, அவளை உன் வீட்டுல கொண்டுவந்து விட்டுருவேன். இதை அவகிட்டச் சொன்னாலும் அதேதான்"னாங்க. நாலு நாள் கழிச்சு அந்தக் கடிதம் தபால்ல வந்தது. உன் வாழ்க்கை கெட்டுறக் கூடாதுன்னு பயந்துட்டேன். இத்தனை மாசமா எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆனா அது பாதிதான் அக்கா. மாதுரி பாடினா ஆல்பம் எங்கேயோ போகும்னு கம்பெனியில பேச்சு வந்தப்பவே எனக்கு ஆசை வந்துருச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துலதான் கடிதம் வந்தது. பிரிச்சுப் படிச்சதும் நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்கின மாதிரி இருந்தது. பயம் அதுக்குப் பொறகுதான் வந்தது. அந்த நிம்மதியைத்தான் உங்கிட்ட எழுத முடியாம ஒரு மாசம் ஓட்டினேன்.

தீபாவளிக்கு மதுரை வரைக்கும் வந்தேன். மாட்டுத்தாவணியில எறங்கி ஒரு காப்பி குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.

முத்துவீரன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.11.2024

அனுப்புநர்: ச. வேல்பாண்டி, தலைமைக் காவலர்
பெறுநர்: தயாரிப்பாளர் அவர்கள், சென்னை
நகல்: திரு. முத்துவீரன், கிட்டார் கலைஞர்
பொருள்: 10.6.2024 தேதியிட்ட கடிதம் சம்பந்தமாக

ஐயா / அம்மா,

வணக்கம். மேற்படி தேதியில் என் மனைவி மாரீஸ்வரி பெயரில் தங்களுக்கு வந்த கடிதம் அன்னார் எழுதியது அல்ல என்றும், மேற்படி கடிதமும் அதிலுள்ள கையொப்பமும் அன்னாருக்குத் தெரியாமல் என்னால் எழுதப்பட்டவை என்றும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதுகிறேன் என்று எழுதலாமா என்று என் மனைவியைக் கேட்டதில், உண்மையை மட்டும் எழுதும்படி கூறியதால் அவ்வாறு எழுதவில்லை.

மேற்படி பாடல்களில் ஒன்றின் இரண்டு வரிகளை மட்டுமே நான் கேட்டிருந்தேன். மீதியை இந்நாள் வரை கேட்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ச. வேல்பாண்டி

மாப்பிள, உமக்கு நகல் அனுப்பச் சொன்னாள், அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரமாக எனக்கு ஹோட்டல் சாப்பாடு. இந்த வரியை அவள் எழுதச் சொல்லவில்லை. அடுத்த முறை மதுரை வரைக்கும் வந்தால் மீதி தூரமும் வாரும். உம் கடிதத்தை அவள் எனக்கும் வாசித்துக் காட்டினாள்.

இராஜபாளையம்
8.12.2024

முத்துவீரனுக்கு,

இங்க சுகம். மழை விட்டிருக்கு. மலையில இருந்து வாற ஈரக் காத்துல பேண்டேஜ் துணி காயவே மாட்டேங்கு, அதனால கம்பெனியில வேலை தேங்கிக் கெடக்கு.

உன் கடுதாசியைப் பத்து தடவை படிச்சேன். முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தா உன்னை மன்னிச்சிருப்பேன், ஆனா உன்னை நம்பியிருக்க மாட்டேன். இப்ப நம்புதேன். மன்னிக்க முடியல.

நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் வச்சிருக்கிய. அவியளுக்கு மானம், உனக்குப் பேரு. ரெண்டு ஆம்பளையும் ஃபோன்ல பேசி முடிச்சுட்டிய. நடுவுல நான் ஒருத்தி பேண்டேஜ் துணியைப் பிரிச்சு ஓட்டை பாத்துக்கிட்டு, ஆல்பம் எப்ப வரும்னு தேதி எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். கதவைப் பத்தின பாட்டுக்கு இம்புட்டுப் பயந்தவிய, என்னைக் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

அனுக்ரஹா ஃபோன் பண்ணாவ. மாதுரி பாடுனதை எடுத்துட்டு என் குரலைப் போடுதோம்னு சொன்னாவ. நான் வேண்டாம்னுட்டேன். அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சா? கையில குடுத்ததைப் பாடுனா. அவளை அழிச்ச எடத்துல போயி நான் நிக்க மாட்டேன்.

நாலு பாட்டையும் நான் புதுசாப் பாடப் போறேன். நம்ம ஊருலயே. கௌதம்ராஜ்னு ஒருத்தர், கச்சேரிகளுக்கு கிட்டார் வாசிக்கிறவரு, வீட்டு மாடியில ரெக்கார்டிங் ரூம் போட்டிருக்காரு. வரி என்னுது. மெட்டு உன்னுது. உன்னைக் கேக்காம உன் மெட்டை நான் தொட மாட்டேன். சம்மதம்னா உன் கையால எழுதி அனுப்பு. இல்லைன்னா இல்லைன்னு எழுது, வேற மெட்டுப் போட்டுக்கிடுதேன்.

மாரீஸ்வரி

சென்னை
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்க எல்லாருடைய நலத்தையும் கேட்டதாச் சொல்லு.

நாலு மெட்டையும் மாரீஸ்வரி எப்படி வேணும்னாலும், யாரை வச்சு வேணும்னாலும் பாடிக்கலாம். எனக்கு முழுச் சம்மதம். இது நான் எழுதினது. என் கையெழுத்து உனக்குத் தெரியும்.

ஒண்ணு கேக்கலாமா? கிட்டார் நான் வந்து வாசிக்கிறேனே. என் பேர்கூடப் போட வேண்டாம்.

முத்துவீரன்

இராஜபாளையம்
2.3.2025

முத்துவீரனுக்கு,

எல்லாரும் சுகம். பாப்பா முழுப் பரீட்சைக்குப் படிக்கா. உன் மச்சானுக்கு பொங்கல்ல இருந்து வீட்டுச் சாப்பாடுதான். பேச்சு இன்னும் அளந்துதான் பேசுதேன்.

நீ வாசிக்க வேண்டாம்னு அப்பவே எழுதியிருக்கணும். எழுதாததும் ஒரு பதில்தான்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். கௌதம்ராஜே வாசிச்சாரு. உன் ஆல்பத்தைப் போட்டுக் காட்டுனேன். "உங்க தம்பி மாதிரி எனக்கு வராதும்மா"ன்னாரு. "அவன் மாதிரி வாசிக்கக் கூடாது. உங்களுக்கு வாற மாதிரி வாசிங்க"ன்னு சொல்லிட்டேன். அவருக்கு ஜாஸ் எல்லாம் தெரியாது. அவரு வீட்டுல பேசுற தெலுங்கு மாதிரி, கிட்டாரையும் பேச்சா வாசிக்காரு. ரெண்டு ஞாயித்துக்கெழமை ஆச்சு. கதவுப் பாட்டுல மேல போற எடத்துல பஞ்சுத் தூசி தொண்டையில அடைச்சு இருமல் வந்துருச்சு. ஆறு தடவை பாடுனேன். ஆறாவதுலயும் செத்த கரகரப்பு இருக்கு. அதை நீக்கிரலாமான்னு கேட்டாரு. இருக்கட்டும்னுட்டேன்.

உன் மச்சான் ரெண்டு வாரமும் வண்டியில கொண்டுவந்து விட்டாவ. மேல வரல. கீழ டீக்கடையில உக்காந்திருந்தாவ. மாடி ஜன்னல் தெறந்துதான் இருந்துச்சு. என்ன கேட்டாவ, என்ன கேக்கலைன்னு நானும் கேட்டுக்கிடல.

போன வெள்ளிக்கெழமை பாட்டு வெளிய வந்துச்சு. பேரு பெருசா இருக்கு. கம்பெனியில மறுபடியும் எல்லாரும் சுத்தி உக்காந்தாளுக. நாலும் முடிஞ்ச பொறவு அங்காளம்மா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொன்னா: "ஏட்டி, கோவிச்சுக்கிடாதே. அந்தப் புள்ள பாடுனதுதான் இனிப்பா இருக்கு."

"ஆமாக்கா, அது இனிப்பாத்தான் இருக்கு. இது நான்"னேன். அவ தலையை ஆட்டிட்டு, தொட்டுக்கிட ஊறுகா கேட்டா. எனக்கு அவ மேல கோவமே வரல.

உன் மேலதான் இன்னும் தீரல. தீந்தா எழுதுதேன்.

மாரீஸ்வரி